குட்டிப் பூனைக்கும் ஒரு தடுப்பூசி அட்டை

பூனையை யாரும் தேடிப் போய் வளர்ப்பதில்லை. அதுவாகத்தான் வந்து சேரும். ஒரு நாள் கொல்லைக் கதவைத் திறந்தால் விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அடுத்த சில வாரங்களில் பரணில் கிடக்கிற பழைய கூடைக்குள் நான்கு குட்டிகள் கண் திறக்காமல் நெளியும். அப்புறம் என்ன? வீட்டுக் குழந்தைகள் ஆளுக்கொரு பெயர் வைத்துவிடும். நமக்கும் வேலை கூடிவிடும்!

காரைக்காலை ஒட்டிய எங்கள் தருமபுரத்திலும் இதே கதைதான். (தருமபுரம் என்றதும் பலர் மயிலாடுதுறை பக்கத்து ஆதீனத்தை நினைத்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது யாழ்மூரிநாதர் கோயில் இருக்கும் தருமபுரம்.) மீன்காரம்மாவின் குரல் தெருமுனையில் கேட்டால் போதும், எந்தெந்த வீட்டில் எத்தனை பூனை என்று வாசலிலேயே எண்ணிவிடலாம்.

இத்தனை பூனைகள் இருந்தும், அவற்றின் குட்டிகளுக்கு என்ன மருந்து, என்ன ஊசி, எப்போது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. "பூனைக்குப் போய் ஊசியா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போடும் வீட்டிலேயே பூனையை மறந்துவிடுகிறார்கள். "அதுக்கு ஒம்பது உசுரு, அதுவே பார்த்துக்கும்" என்கிறார்கள். உண்மையில் குட்டிப் பூனைக்கு இருப்பது ஒரே உயிர். அதுவும் முதல் 4 மாதம் வரை நூலில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஊசி போட்டும் ஏன் போயிற்று?

போன கார்த்திகை மழையில் எங்கள் எதிர்வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அக்கா பூனை விஷயத்தில் அக்கறையானவர்கள். குட்டிகள் 6 வாரமானதுமே கூடையில் வைத்து எடுத்துப் போய்த் தடுப்பூசி போட்டு வந்தார்கள். "ஊசி போட்டாச்சு, இனிமே கவலை இல்லை" என்று நிம்மதியாக இருந்தார்கள். அடுத்த ஊசிக்கு வரச் சொல்லி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

பத்தாவது வாரத்தில் ஒரு குட்டி சாப்பிடாமல் மூலையில் சுருண்டது. பிறகு வாந்தி, பேதி. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்காருமாம், ஆனால் குடிக்காதாம். மூன்றே நாளில் போய்விட்டது. ஒரு வாரத்துக்குள் மற்ற இரண்டும் அதன் பின்னாலேயே. அந்த வீட்டுச் சின்னப் பெண் அழுதுகொண்டே கேட்டாள், "ஊசி போட்டோமேம்மா, அப்புறம் ஏன் செத்துப்போச்சு?"

நியாயமான கேள்வி. காரைக்காலில் எங்கள் பூனைக் குட்டிகளைப் பார்க்கும் கால்நடை டாக்டரம்மாவிடம் அதையே கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் பிள்ளை வளர்த்த எந்தத் தாய்க்கும் உடனே புரியக்கூடியது.

குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் தாய்ப்பாலில் நோயை எதிர்க்கும் சக்தி இருக்கிறது. தாய் தன் உடம்பில் சேர்த்து வைத்ததைக் குட்டிக்குக் கொடுத்துவிடுகிறது. அந்தச் சக்தி சில வாரங்களுக்குக் காவல்காரன் மாதிரி நிற்கும். ஆனால் அந்தக் காவல்காரனுக்கு நோய்க் கிருமி எது, தடுப்பூசி மருந்து எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே அடித்து விரட்டிவிடும். அதனால் தாய் கொடுத்த சக்தி உடம்பில் இருக்கும்போது போடும் ஊசி வீணாகிவிடலாம். பிறகு அந்தச் சக்தி கரைந்ததும் குட்டிக்குத் தாயின் காவலும் இல்லை, ஊசியின் காவலும் இல்லை. எதிர்வீட்டுக் குட்டிகளுக்கு நேர்ந்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா.

நம் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசியைப் பிறந்த உடனே போடாமல் 9 மாதம் முடிந்ததும் போடுகிறார்களே, ஏன்? அதற்கும் முக்கியமான காரணம் இதுதான். தாயிடமிருந்து வந்த சக்தி குறையும்வரை காத்திருக்கிறார்கள்.

பூனைக் குட்டியிடம் ஒரு சிக்கல் அதிகம். தாயின் சக்தி ஒரு குட்டிக்கு 8 வாரத்தில் கரையும், இன்னொன்றுக்கு 12 வாரம் ஆகும், வேறொன்றுக்கு 16 வாரம்வரைகூட நிற்கும். ஒரே வயிற்றில் பிறந்தவற்றுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். முதல் ஊசி பாதி, அடுத்த ஊசி மீதி என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. எந்த ஊசி பிடிக்கும் என்று தெரியாததால் ஒவ்வொன்றாகப் போட்டு வருகிறோம். கடைசி ஊசி 16 வாரம் முடிந்த பிறகு விழவேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். அதைத் தவறவிட்டால் முன்னால் போட்டதை நம்பி இருக்க முடியாது.

என்ன ஊசி அது?

பூனைக்கு முக்கியமாகப் போடுவது மூன்று நோய்களுக்குச் சேர்த்து ஒரே ஊசி. முதல் நோய் பான்லூக்கோபீனியா. நாய்க் குட்டிகளுக்கு வரும் பார்வோ நோயின் உறவுக்காரக் கிருமி இது. ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் குடலையும் ஒரே சமயத்தில் தாக்கும். கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. குளுகோஸ் ஏற்றி, மற்றத் தொற்று வராமல் ஊசி போட்டு, பிழைக்க உதவலாம், அவ்வளவுதான். மற்ற இரண்டும் பூனைச் சளி நோய்கள். தும்மல், மூக்கொழுகல், கண்ணில் பீளை, வாய்ப்புண் என்று வரும். நம் கடற்கரை ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழையில் கண் ஒட்டிக்கொண்டு நிற்கும் குட்டிகளைப் பார்த்திருப்பீர்களே, அது பெரும்பாலும் இந்த வகைதான்.

"எங்க பூனை வாசல் தாண்டாதே, அதுக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். பான்லூக்கோபீனியா கிருமி பூனையின் மேல் ஏறித்தான் வரவேண்டும் என்பதில்லை. நம் செருப்பிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வரும். ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒரு வருடம்வரைகூட உயிரோடு கிடக்கும். ஆகவே ஒரு குட்டி இந்த நோயில் இறந்த வீட்டில், ஊசிகள் முடியாத இன்னொரு குட்டியை உடனே கொண்டுவந்து விடாதீர்கள். அதன் கோணி, கந்தல் துணிகளை அப்புறப்படுத்துங்கள். இடத்தை முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். பிளீச்சுடன் கழிப்பறை ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். ஃபினாயில் இந்தக் கிருமியிடம் பலிக்காது. தவிர, அது பூனைக்கே ஆபத்து. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அட்டை எழுதுவோம்

நம் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறோம் அல்லவா? அதே மாதிரி ஒரு அட்டையைக் குட்டிக்கும் எழுதி, சமையலறைக் காலண்டர் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். நான் எழுதி வைத்திருப்பது இது:

3 வாரம்: முதல் பூச்சி மருந்து. அதன் பிறகு பால் மறக்கும்வரை 2 வாரத்துக்கு ஒருமுறை. தாய்ப் பூனைக்கும் சேர்த்து.

8 வாரம்: முத்தடுப்பு ஊசி, முதல் தடவை.

12 வாரம்: முத்தடுப்பு, இரண்டாம் தடவை. வெறிநோய்த் தடுப்பூசி.

16 வாரம்: முத்தடுப்பு, மூன்றாம் தடவை. இதை விடவே கூடாது. கருத்தடை பற்றி டாக்டரிடம் பேச வேண்டிய நேரமும் இதுதான்.

6 மாதம்: முத்தடுப்பு, இன்னொரு தடவை. (முன்பெல்லாம் இதை ஒரு வயதில் போடச் சொல்வார்கள். உலகச் சிறுவிலங்கு கால்நடை மருத்துவர் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் 26 வாரத்திலேயே போடச் சொல்கிறது.)

1 வயது: வெறிநோய்த் தடுப்பூசி மறுபடி. பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில்.

உங்கள் டாக்டர் ஊர் நிலவரம், குட்டியின் உடம்பு இவற்றைப் பார்த்து ஒரு வாரம் முன்பின்னாக மாற்றலாம். அவர் சொல்வதையே கேளுங்கள். தாயில்லாத குட்டி என்றால் 6 வாரத்திலேயே தொடங்கச் சொல்வார்கள். அப்போதும் 16 வாரத்து ஊசி மாறாது.

சில நடைமுறைக் குறிப்புகள். கிளம்பும் முன் மருந்து இருப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முத்தடுப்பு மருந்தை வெளியே வாங்கி வரச் சொன்னால், பனிக்கட்டி போட்ட பிளாஸ்கில் எடுத்துப் போங்கள். 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே அது இருக்கவேண்டும். குட்டியை மடியில் வைத்துப் பஸ்ஸில் போகாதீர்கள். ஹாரன் சத்தத்துக்குக் குதித்துவிடும். மூடி போட்ட கூடை, இல்லாவிட்டால் வயர் கூடையில் துண்டு விரித்து, மேலே இன்னொரு துண்டால் கட்டிக்கொள்ளுங்கள். பேதியோ சளியோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், டாக்டர் ஊசியைத் தள்ளிவைப்பார். ஊசி போட்டபின் கால்மணி நேரம் அங்கேயே இருந்து பாருங்கள். முகம் வீங்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே கவனிக்க வசதி. வீட்டுக்கு வந்து ஒரு நாள் தூங்கி வழிந்தால் பயப்பட வேண்டாம்.

பூச்சி மருந்து வீட்டுப் பிள்ளைகளுக்காகவும்

"பிறந்து மூணு வாரத்துல வயித்துல பூச்சி எப்படி வரும்?" என்று என் மாமியார் கேட்டார். தாய்ப்பால் வழியாகத்தான்! தாயின் உடம்பில் உறங்கும் உருளைப் புழுவின் குஞ்சுகள் பாலோடு குட்டிக்குள் போய்விடும். வயிறு பானை மாதிரி உப்பி, முதுகெலும்பு தெரிகிற குட்டியைக் "கொழுகொழுன்னு இருக்கு" என்று கொஞ்சாதீர்கள். அது பூச்சி வயிறாக இருக்கலாம்.

இந்தப் பூச்சியின் முட்டைகள் பூனையின் கழிவோடு மண்ணில் விழுந்து, சில வாரங்களில் தொற்றும் பக்குவத்துக்கு வரும். அந்த மணலில் விளையாடிவிட்டு நம் பிள்ளை கையை வாயில் வைத்தால் அதன் உடம்புக்குள்ளும் போகும். அபூர்வமாகக் கண்ணைக்கூடப் பாதிக்கும். வீடு கட்டக் கொட்டிய மணலைத் தார்ப்பாயால் மூடி வையுங்கள். குழந்தை சாப்பிட உட்காரும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கத்தை உண்டாக்குங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால், பெரிய பூனைக்கு வாங்கிய மாத்திரையைக் கண்ணளவில் உடைத்துக் கொடுக்கக் கூடாது.

எடை என்றதும் நினைவுக்கு வருகிறது. சமையலறைத் தராசு இருந்தால் குட்டியைத் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள். பிறக்கும்போது 100 கிராம் அளவில் இருக்கும் குட்டி, நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏறவேண்டும். ஒரு நாள் எடை ஏறாவிட்டால் கவனியுங்கள். குறைந்தால் டாக்டரிடம் ஓடுங்கள். குட்டி வாய்விட்டுச் சொல்லும் முன் தராசு சொல்லிவிடும்.

வெறிநோயை மறக்காதீர்கள்

வெறிநோய் என்றால் நாய்தான் என்று நினைக்கிறோம். வெறிநாய் கடித்த பூனைக்கும் அது வரும். பூனை கடித்தால் நமக்கும் வரும். வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஆனால் தடுக்க முடியும். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி பாரிசில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தன் தடுப்பு மருந்தைச் செலுத்தத் தொடங்கினார். பையன் பிழைத்தான். அப்போது நம் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. நம் பக்கத்தில் குன்னூரில் அவர் பெயராலேயே ஓர் ஆய்வு நிலையம் 1907-ல் ஏற்பட்டது. அந்த ஜூலை 6-ஐத்தான் விலங்குகளிலிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களுக்கான விழிப்புணர்வு நாளாக இப்போது அனுசரிக்கிறோம். அந்த நாளையொட்டிப் பல அரசுக் கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடப்பதுண்டு, விசாரித்து வையுங்கள்.

தெரியாத பூனை பிள்ளையைக் கடித்தாலோ ரத்தம் வரக் கீறினாலோ மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலம் போய்விட்டது. இப்போது கையில் நாலைந்து தடவை போடுகிறார்கள். அவர்கள் குறித்துக் கொடுக்கும் எல்லா நாளும் போய் முடிக்கவேண்டும். நம் வீட்டுப் பூனையாகவே இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் விடாதீர்கள்.

அன்பினால் செய்யும் கெடுதல்கள்

குட்டிக்குக் காய்ச்சல் என்று பிள்ளையின் பாராசிட்டமால் சிரப்பைக் கொடுக்கவே கூடாது. அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையே வளர்ந்த பூனையைக் கொன்றுவிடலாம்.

தெள்ளுப்பூச்சிக்காக நாய் மருந்தைத் தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். மண்ணெண்ணெயும் வேண்டாம். சின்னக் குட்டிக்குப் பேன் சீப்பே போதும். வாரி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் பூச்சி செத்துவிடும். அலட்சியமும் கூடாது. தெள்ளு குடிக்கும் ரத்தத்தால் சோகை பிடித்துச் சாகும் குட்டிகள் உண்டு. ஈறு வெளுத்திருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

தரையை ஃபினாயில் போட்டுத் துடைத்தால் பூனை அதன் மேல் நடந்து, பிறகு பாதத்தை நக்கும். அப்படியே உள்ளே போய்விடும். குட்டி இருக்கும் அறையைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாக அலசினால் போதும். பாச்சை உருண்டையும் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

கண் ஒட்டிக்கொண்டால் தாய்ப்பால் விடுவது, வீட்டில் மிஞ்சிய சொட்டு மருந்தை விடுவது இரண்டும் வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டு, டாக்டரிடம் காட்டுங்கள்.

தாயில்லாத குட்டிக்குப் பசும்பால் பேதியைத்தான் கொடுக்கும். பூனைக்குட்டிக்கென்றே பால்மாவு கிடைக்கிறது. பால் மறந்த பிறகு வெறும் தயிர்சாதத்தில் அதை வளர்க்க முடியாது. டாரின் என்ற சத்து அதற்கு மீனிலும் இறைச்சியிலும்தான் கிடைக்கும். அது இல்லாவிட்டால் கண்பார்வை போகும் என்று 1975-லும், இதயம் பெரிதாகித் தளரும் என்று 1987-லும் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சைவ வீடுகளில் கடையில் விற்கும் பூனை உணவை வாங்கிக் கொடுக்கலாம். மீன் கொடுக்கிறவர்கள் உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுங்கள். மத்தி போன்ற மீனைப் பச்சையாகவே தினமும் கொடுத்துவந்தால் உடம்பிலுள்ள பி1 வைட்டமின் அழிந்துவிடும்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில்

மகளோ மருமகளோ முழுகாமல் இருந்தால் முதலில் பூனையைக் கொண்டுபோய்ச் சந்தையில் விட்டுவிடுகிறார்கள். அவசியம் இல்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிதான் பயத்துக்குக் காரணம். அது பூனையின் கழிவில் வெளிவந்தாலும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். எனவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்யவேண்டும். கர்ப்பிணி அல்லாத ஒருவர் செய்யவேண்டும், அவ்வளவுதான். கர்ப்பிணி தோட்ட மண்ணைத் தொட்டால் கையுறை போடட்டும், கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடட்டும். பேறுகால டாக்டரிடமும் வீட்டில் பூனை உண்டு என்று சொல்லிவையுங்கள்.

குடும்பக் கட்டுப்பாடு பூனைக்கும்தான்

பெட்டைக் குட்டி 4, 5 மாதத்திலேயே சினையாகக் கூடும். அது நம் கண்ணுக்கு இன்னும் குழந்தையாகத் தெரியும்போதே, ஒன்பது வாரம் கழித்து வேறு நான்கு குட்டிகள் பரணில் இருக்கும்! அத்தனைக்கும் ஊசி, மருந்து என்று யாரால் முடியும்? கடைசியில் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விடுவதில் போய் முடியும். அந்தப் பாவம் வேண்டாம் என்றால் 16 வாரத்து ஊசியின்போதே கருத்தடைக்கு நாள் கேளுங்கள். உள்ளூரில் வசதி இல்லாவிட்டால் புதுச்சேரி குரும்பாபேட்டிலும் தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. எங்கே போகலாம் என்று உங்கள் டாக்டரே வழி சொல்வார்.

செலவைப் பற்றி வீட்டுக்காரர் முணுமுணுத்தால் ஒரு கணக்குச் சொல்லுங்கள். அட்டையில் இருக்கும் எல்லா ஊசியும் சேர்ந்தாலும், நோய் வந்த குட்டிக்கு ஒரு வாரம் குளுகோஸ் ஏற்றும் செலவுக்கு அருகில் வராது. அப்படிச் செலவழித்தும் குட்டி பிழைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் வீட்டுக் குட்டி பிறந்த தேதியை, தெரியாவிட்டால் டாக்டரிடம் காட்டிக் கேட்டு, காலண்டரில் குறியுங்கள். அங்கிருந்து 16 வாரம் எண்ணி, அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கல்யாணம், காதுகுத்து எது வந்தாலும் அந்த நாள் மட்டும் தள்ளிப்போகக் கூடாது.